கண்ணாடிக்கா நட்ட கிளை

பெரியவர் ஒருவரின் மூக்குக்கண்ணாடிக் காதுக்கம்பியைச் சூடேற்றி வளைத்துக்கொண்டிருந்தாள் கண்ணாடிக்கா. மேசைமேல் கிடந்த கைப்பேசி விடாமல் அதிர்ந்து, நகர்ந்து நகர்ந்து விளிம்புக்கே வந்துவிட்டது.

"எடுத்துப் பேசும்மா. யாரோ அவசரமாக் கூப்பிடுறாங்க" என்றார் பெரியவர்.

"கூப்பிடலீங்க. லைக்கு."

பெரியவர் அதை ஏதோ நோயின் பெயர் என்று நினைத்துக்கொண்டு அவளைப் பாவமாகப் பார்த்தார்.

அந்தத் தெருவில் அவளுக்குப் பெயரே கண்ணாடிக்காதான். கண்ணைச் சோதித்து, வில்லை வெட்டி, சட்டத்தில் பூட்டிக் கொடுக்கும் சின்னக் கடை அவளுடையது. கணவர் லிப்ட் மெக்கானிக். ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் ஒரே மகள். வாரம் முழுக்க அடுத்தவர் கண்ணுக்கு அளவு பார்ப்பவள், விடுமுறை நாள் விடிந்ததும் தன் கண்ணுக்கென்று கேமராவைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவாள். பறவைப் படம் எடுப்பவர்களின் குழு ஒன்று இணையத்தில் இருந்தது. பல் டாக்டர் ஒருவர் நடத்தும் குழு. அதில் அவள் நேற்றுப் போட்ட படத்துக்குத்தான் கைப்பேசி இப்படித் துள்ளியது.

ஊருக்கு வெளியே கைவிட்டுப்போன செங்கல் சூளை ஒன்று உண்டு. மண் எடுத்த பள்ளங்களில் மழைநீர் தேங்கி, சுற்றிலும் புல் இடுப்பளவு வளர்ந்து கிடக்கும். அந்தப் புல்லின் விதைக்காகச் செஞ்சில்லை என்ற சிறு குருவிகள் வரும். கட்டைவிரல் பருமன்கூட இருக்காது. ஆண் பறவையைப் பார்த்தால் பழுத்த மிளகாய்ச் சாயத்தில் முக்கியெடுத்து வெள்ளைப் பொட்டு வைத்த மாதிரி இருக்கும். புல்லுக்குள்ளேயே புழங்கும் அந்தப் பறவையை வெட்டவெளியில் ஒரு கணம் உட்காரவைப்பது பெரும்பாடு.

கண்ணாடிக்கா அதற்கொரு வழி கண்டுபிடித்தாள். உடைந்த மேசை மின்விசிறியின் அடிப்பாகத்தைக் கொண்டுபோய் மண்ணில் புதைத்தாள். விசிறி இருந்த இடத்தில், பாசி படர்ந்த காய்ந்த கிளை ஒன்றைத் துணிக்கிளிப்பும் கம்பியும் போட்டு இறுக்கிக் கட்டினாள். பயந்தால் ஓடி ஒளியப் பக்கத்திலேயே முட்புதர். கேமராவுக்குத் தெரியாத பக்கத்தில் ஒரு பிடி தானியம். மேலே தொங்கவிட்ட பிளாஸ்டிக் கேனின் ஊசித்துளை வழியாக, கீழே வைத்த மண்சட்டியில் நீர் சொட்டிக்கொண்டே இருக்கும். அந்தச் சத்தம் கேட்டால் பறவைக்கு இருப்புக்கொள்ளாது. பழைய பச்சைத் திரைச்சீலையைப் போர்த்திக்கொண்டு எதிரே உட்கார்ந்தால் போதும், அவையாகவே வந்து கிளையில் வரிசை கட்டும்.

படத்தோடு அவள் நிற்கவில்லை. கிளை கட்டும் விதத்தை வீடியோ எடுத்துப் போட்டாள். சூளைக்கு எப்படிப் போவது, எந்தப் பள்ளம், எந்தப் புதர், எந்நேரம் பறவை இறங்கும் என்று வரைபடத்தில் புள்ளி குத்திக் காட்டினாள். யார் கேட்டாலும் ஒளிக்காமல் சொல்வதுதான் பெருந்தன்மை என்பது அவள் நினைப்பு. அந்தப் பெருந்தன்மைக்குள் கொஞ்சம் பெருமையும் ஒளிந்திருந்தது என்று யாராவது சொல்லியிருந்தால் சண்டைக்குப் போயிருப்பாள்.

"தனியா அந்தச் சூளைக்குப் போறது எனக்குச் சரியாப் படலை" என்று கணவர் இரண்டொரு முறை சொல்லிப் பார்த்தார்.

"என்னங்க பயம்? அங்க குருவியைத் தவிர ஈ காக்கா கிடையாது."

குழுவில் 'மழைத்துளி' என்ற பெயரில் ஒருவர் இருந்தார். முகம் கிடையாது, இலையில் நீர்த்துளி நிற்கும் படம் மட்டும்தான். அவள் எதைப் போட்டாலும் முதல் பாராட்டு அவருடையதாக இருக்கும். கேள்விகளும் விவரமாக இருக்கும். கிளை எவ்வளவு உயரம்? தானியம் எந்தப் பக்கம்? ஆள் பக்கத்தில் வந்தாலும் பறக்காத அளவுக்குப் பழகிவிட்டதா? அக்கறையான மாணவர் கிடைத்த மகிழ்ச்சியில் கண்ணாடிக்கா எல்லாவற்றுக்கும் பதில் எழுதினாள்.

அடுத்த விடுமுறை நாள் அவள் போனபோது சூளை சத்தமில்லாமல் கிடந்தது. வழக்கமாக வண்டியை நிறுத்தும்போதே புல்லுக்குள் கிச்சுகிச்சு என்று பேச்சுச் சத்தம் கேட்கும். அன்று தவளைகூடக் கத்தவில்லை. கேனிலிருந்து நீர் சொட்டும் ஒலி மட்டும் சீராக வந்துகொண்டிருந்தது. கேனை அவள் நிரப்பி வாரமாகிறதே, இன்னும் எப்படிச் சொட்டுகிறது? அந்தக் கேள்வி மனதில் எழுந்தபோதே கால் தயங்கியது.

பள்ளத்துக்குள் இறங்கினாள். கிளையில் ஏதோ தொங்கிக்கொண்டிருந்தது. சிவப்பு நூல் உருண்டை என்றுதான் முதலில் நினைத்தாள். பக்கத்தில் போனதும் அது தலைகீழாகத் துடித்தது. ஒரு சிறகும் ஒரு காலும் கிளையோடு ஒட்டியிருக்க, இன்னொரு சிறகு காற்றை அடித்து அடித்து ஓய்ந்து போயிருந்தது. சின்ன அலகு திறந்தபடி இருந்தது. சத்தம் வரவில்லை.

கிளை முழுக்கத் தேன் பூசியதுபோல் ஒரு பளபளப்பு. அவள் கை வைத்தாள். விரல் ஒட்டிக்கொண்டது. கிளையின் மறுபக்கத்தில் பறவை இல்லாமலே இரண்டு சிவப்பு இறகுகள் ஒட்டியிருந்தன. அவற்றின் அடியில் ரத்தம்.

"கையால இழுக்காதீங்க மேடம். இறக்கை கையோட வந்துடும்."

சூளையின் பின்பக்கமிருந்து ஒருவன் வந்தான். தேய்த்த வெள்ளைச் சட்டை, பையில் பேனா, கையில் தேநீர் பிளாஸ்கு. ஏதோ அலுவலகத்துக்குக் கிளம்பியவன் வழிமாறி வந்துவிட்டவன் போலிருந்தான். இடுப்பில் மட்டும் ஒரு துணிப்பை தொங்கியது. அந்தப் பை தானாக அசைந்தது.

"யாரு நீங்க?"

"நம்ம குரூப்புதான் மேடம். மழைத்துளி" என்று சிரித்தான். "நேர்ல பார்க்கணும்னு ரொம்ப நாள் ஆசை."

அவன் விரலில் எண்ணெய் தொட்டு, ஒரு பூவைக் காம்போடு எடுக்கிற பக்குவத்தில் அந்தப் பறவையைக் கிளையிலிருந்து பிரித்தெடுத்தான். துணிப்பைக்குள் விட்டு வாயை இறுக்கினான்.

"நீங்க... பறவை பிடிக்கிறவரா?"

"பிடிக்கிறது மட்டும்தான் நான். உட்கார வெச்சது நீங்க" என்றான், ஒரு பாராட்டுச் சொல்வதுபோல. "முன்னெல்லாம் வலையை விரிச்சுட்டு நாள்கணக்கா குந்திக் கிடப்போம். லேசுல ஏமாறாது இது. நீங்க தண்ணி வெச்சீங்க, தீனி வெச்சீங்க, அதோட பயத்தை எடுத்து விட்டுட்டீங்க. நான் வந்து கேனை நிரப்பினேன், பசை தடவினேன், அவ்வளவுதான். பாதி வேலை உங்களுது."

"நான் போலீசுல சொல்லுவேன்."

அவன் பிளாஸ்கைத் திறந்து மூடியில் தேநீர் ஊற்றிக் குடித்தான். அவசரமே இல்லை. "சொல்லுங்களேன். கடை மார்க்கெட் ரோட்டுல மருந்துக் கடைக்குப் பக்கத்துலதானே? பாப்பா சாயந்திரம் கடைக்கு வந்து பையை மாத்திக்கிட்டுத்தானே டியூஷனுக்குப் போகுது? நீல சைக்கிள்."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"எல்லாம் நீங்க போட்டதுதான் மேடம்" என்றான் அவன். உண்மையிலேயே வியப்படைந்தவன் போல் புருவத்தை உயர்த்தினான். "நான் எங்கயும் தேடவே இல்லையே."

வீட்டுக்கு எப்படி வண்டி ஓட்டிக்கொண்டு வந்தாள் என்று அவளுக்கே தெரியாது. விரலில் ஒட்டிய பசை சோப்புக்கும் போகவில்லை, மண்ணெண்ணெய்க்கும் போகவில்லை. கதவைச் சாத்திக்கொண்டு, தான் போட்ட படங்களை முதலிலிருந்து பார்த்தாள். கடை வாசலில் புது சைக்கிளோடு மகள். அவள் சேர்ந்த டியூஷன் வகுப்பின் பலகை. "இன்னைக்கு லிப்ட் வேலை வெளியூர்ல, நான் மட்டும் தனியா டீ" என்று பால்கனியிலிருந்து ஒரு படம். ஒன்றொன்றாக அழித்தாள். அழித்தாலும் பார்த்தவன் பார்த்துவிட்டான்.

கணவரிடம் அவள் சொல்லவில்லை. சொன்னால் "அன்னைக்கே சொன்னேனே" என்று ஆரம்பிப்பார் என்பது ஒரு காரணம். வாயைத் திறந்து சொல்லிவிட்டால் அது நிஜமாகிவிடும் என்ற பயம் இன்னொரு காரணம். பல் டாக்டரிடம் மட்டும் பூசி மெழுகிச் சொல்லிப் பார்த்தாள். "நம்ம குரூப்புல பறவை பிடிக்கிற ஆள் இருக்கிறதா கேள்விப்பட்டேன் டாக்டர்."

"அப்படியெல்லாம் வெளியில பேசிடாதீங்க. குரூப் பேரு கெட்டுடும்" என்றார் அவர். "சந்தேகமா இருந்தா பிளாக் பண்ணிட்டு விட்டுடுங்க."

பிளாக் செய்த மறுநாள் அவன் கடைக்கே வந்தான்.

"கண்ணு டெஸ்ட் பண்ணணும் மேடம்."

கடையில் வேறு யாரும் இல்லை. சோதனை அறை என்பது பின்பக்கம் தடுத்த ஒரு நீளமான சந்து. ஒரு கோடியில் எழுத்துப் பலகை, மறு கோடியில் நாற்காலி. விளக்கை அணைத்தால்தான் பலகை தெரியும். அவள் விளக்கை அணைக்கத் தயங்கி நின்றாள்.

"அணைங்க மேடம். முறைப்படி பார்க்கலாம்."

அணைத்தாள். இருட்டில் அவன் மூச்சு அவள் மணிக்கட்டில் பட்டது. சோதனைச் சட்டத்தை அவன் காதில் மாட்டும்போது வில்லைகள் ஒன்றோடொன்று மோதிக் கிணுகிணுத்தன.

"எது வரைக்கும் படிக்க முடியுது?"

கடைசி வரியை அவன் தடங்கலில்லாமல் படித்தான். "எனக்குக் கண்ணு நல்லாத்தான் இருக்கு மேடம். ஒரு சின்ன உதவி. ஆத்தங்கரை நாணல்ல மஞ்சத்தலைக் குருவிக் கூட்டம் இறங்கியிருக்கு. நான் போனா வாசனை பிடிச்ச மாதிரி பறந்துடுது. நீங்க ஒரு கிளை நட்டு, தண்ணி தீனி வெச்சுப் பழக்குங்க. வர்ற லீவு நாள் விடிகாலையில நான் வர்றேன்."

"முடியாது."

"முடியாதுன்னா நான் என்ன பண்ணப்போறேன்? நான் ரவுடியா?" அவன் குரல் ஏறவே இல்லை. "அந்தம்மா கட்டின குச்சியிலதான் நாங்க பிடிக்கிறோம்னு குரூப்புல ஒரு வார்த்தை போடுவேன். டியூஷன் விட்டு வர்ற வழியில பாப்பாவை ஒருநாள் நிறுத்தி, அம்மா சௌக்கியமான்னு விசாரிப்பேன்."

அந்த நேரம் பார்த்து முன்பக்கக் கதவு கிறீச்சிட்டது. "அம்மா, உள்ளயா இருக்கே?" மகளின் குரல்.

"உள்ளதான் இருக்காங்க. வாம்மா" என்று அவன் பதில் சொன்னான்.

அந்த வாரம் தான் செய்ததை நினைத்துக் கண்ணாடிக்கா பின்னால் பல நாள் கூசினாள். கடை திறக்கும் முன் ஆற்றங்கரைக்குப் போய்க் கிளை நட்டாள். கேனில் தண்ணீர் ஊற்றினாள். தானியம் தூவினாள். தலை முழுக்க மஞ்சள் பூசிய குருவிகள் முதல் நாள் தூரத்திலிருந்து பார்த்தன. மறுநாள் ஒன்று வந்து உட்கார்ந்தது. அதற்குப் பிறகு அவள் தலையைக் கண்டாலே தானியம் வந்துவிட்டதென்று இறங்கத் தொடங்கின. கேமராவை அவள் வெளியே எடுக்கவே இல்லை. அவை நெருங்கி நெருங்கி வர, அவளுக்குக் கத்தி அழவேண்டும் போலிருந்தது.

அந்த வாரத்தில்தான் அவளுடைய பிறந்தநாளும் வந்தது. நாத்தனார் வந்து இறங்கினாள். கணவரின் தங்கை, தையல் கடை வைத்திருப்பவள், பேச ஆரம்பித்தால் தையல் மிஷினுக்கே மூச்சு வாங்கும். கையில் துணி போட்டு மூடிய ஒரு கூண்டு.

"அண்ணி, கண்ணை மூடுங்க. உங்களுக்குத்தான் பறவைன்னா உயிராச்சே. இந்த மீன்தொட்டி விக்கிற கடை இருக்கில்ல, அவன் பின்னாடி ரூம்ல ஒளிச்சு வெச்சிருந்தான். நீங்க எடுத்த போட்டோவைக் காட்டி இதே சிவப்புதான் வேணும்னு அடம்பிடிச்சு வாங்கினேன். இனிமே வெயில்ல அலைய வேணாம். வீட்டுலயே காலை நீட்டி உட்கார்ந்து படம் எடுங்க."

துணியை விலக்கினாள். கூண்டின் மூலையில் செஞ்சில்லைகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி ஒடுங்கியிருந்தன. சிறகு நுனிகளைக் கத்தரித்திருந்தார்கள். ஒன்றின் மார்பில் பசை காய்ந்து, இறகுகள் கட்டிபட்டு நின்றன. நிற்க முடியாமல் கம்பியில் சாய்ந்திருந்த ஒன்று, அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மெல்லச் சரிந்து தட்டில் விழுந்தது.

"தூக்கக் கலக்கமா இருக்கும்" என்றாள் நாத்தனார். அவளுக்கே அது பொய்யென்று தெரிந்தது.

கண்ணாடிக்கா தரையில் உட்கார்ந்து அழுதாள். பிறகு எல்லாவற்றையும் சொன்னாள். சூளை, பசை, இருட்டறை, ஆற்றங்கரை. எதையும் விடவில்லை. அவள் நட்ட கிளையையும் விடவில்லை.

நாத்தனாரோடு கணவரும் உட்கார்ந்து கேட்டார். அவள் பயந்தபடி அவர் பழசைக் கிளறவில்லை. "நமக்கு எதுக்கு இந்த வம்பு?" என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னார். "கேமராவைப் பூட்டி வை. பாப்பாவை நானே கூட்டிட்டுப் போய்க் கூட்டிட்டு வர்றேன். அவன் குருவியைப் பிடிச்சா பிடிச்சுட்டுப் போறான். நமக்கு நம்ம புள்ளை முக்கியம்."

"ஏண்ணா" என்றாள் நாத்தனார். இவ்வளவு நேரம் அவள் வாய் மூடியிருந்ததே அதிசயம். "லிப்டுல யாரோ மாட்டிக்கிட்டாங்கன்னு போன் வந்தா, நமக்கு எதுக்கு வம்புன்னு திரும்பிப் படுத்துக்குவியா?"

"அது என் வேலை."

"அவன் நம்ம பாப்பாவைச் சொல்லி மிரட்டி, கடைக்குள்ளயே வந்து உட்கார்ந்துட்டான். இதுக்கு மேல இது யாரு வேலை? இன்னைக்குக் குச்சி நடச் சொல்றான், அண்ணியும் நட்டுட்டாங்க. நாளைக்கு என்ன சொல்லுவானோ. நாம பயப்படுற வரைக்கும் அவன் கேட்டுக்கிட்டேதான் இருப்பான்." கூண்டைத் தூக்கிக்கொண்டாள். "நான் வாங்கினது தப்பு. எனக்குத் தெரியாம பண்ணிட்டேன். கேஸ் வந்தா என்மேலயும் வரட்டும். கிளம்புங்க அண்ணி."

வனத்துறை அலுவலகத்தில் இருந்த ரேஞ்சரம்மா, கூண்டைப் பார்த்ததும் எழுந்து நின்றுவிட்டார். இருவரும் சொன்னதைக் குறுக்கே பேசாமல் கேட்டார். தண்டனை உண்டா என்று நாத்தனார் கேட்டதற்கு, "காட்டுப் பறவையைப் பிடிக்கிறதும் தப்பு, வாங்குறதும் தப்பு, வளர்க்கிறதும் தப்பு. நீங்களா கொண்டுவந்து கொடுத்தீங்கன்னு நான் கேஸ்ல எழுதிடறேன்" என்றார். பிறகு கண்ணாடிக்காவின் பக்கம் திரும்பினார்.

"ரொம்ப நாளா இவனைத் தேடறோம். பிடிச்சாலும் கையில ஒண்ணும் இருக்காது, சும்மா நடந்து போறேன்னு சொல்லிடுவான். பசையில பறவை ஒட்டி, அது அவன் கையில இருக்கணும். அப்பத்தான் கேஸ் நிக்கும். அவன் சொன்னபடியே நீங்க ஆத்தங்கரைக்குப் போங்க. நாங்க நாணலுக்குள்ள இருப்போம். என்ன நடந்தாலும் அவசரப்படாதீங்க. பறவை ஒட்டற வரைக்கும் பொறுங்க."

"அவனுக்குத் தெரிஞ்சுட்டா?"

ரேஞ்சரம்மா கூண்டை மேசையோரம் நகர்த்தி வைத்தார். "பக்கத்துலதான் இருப்போம்" என்றார்.

விடுமுறை நாள் விடிந்தது. கணவர் வண்டியில் கொண்டுவந்து பாலத்தருகே இறக்கிவிட்டார். "நான் இங்கயேதான் நிப்பேன்" என்றார். அவர் கையில் லிப்ட் கதவைத் திறக்கும் நீளச் சாவி இருந்தது. எதற்கு எடுத்து வந்தார் என்று அவருக்கே தெரிந்திருக்காது.

ஆற்றங்கரையில் பனி புகைபோல் நின்றது. நாணல் அசைந்தால் ரேஞ்சரம்மாவின் ஆட்கள் என்று நினைத்தாள். அசையாவிட்டால் யாருமே வரவில்லையோ என்று நினைத்தாள். திரைச்சீலையைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்தாள். இதயம் அடிக்கும் சத்தத்துக்கே குருவிகள் பறந்துவிடும் போலிருந்தது.

அவன் பின்பக்கமிருந்து வந்தான். அதே தேய்த்த சட்டை. ஒரு கையில் டப்பா, மறு கையில் மடித்த வலை, இடுப்பில் துணிப்பை.

"சொன்ன சொல்லைக் காப்பாத்திட்டீங்க மேடம்."

கிளையைத் தடவிப் பார்த்தான். மெச்சியபடி தலையை ஆட்டினான். டப்பாவைத் திறந்து, வண்ணம் பூசுகிறவன்போல் நிதானமாகப் பசையைத் தடவினான். திடீரென்று கையை நிறுத்திவிட்டு நாணல் பக்கம் பார்த்தான்.

"யாரையாவது கூட்டிட்டு வந்தீங்களா?"

"என் வீட்டுக்காரர். பாலத்துல நிக்கிறாரு." உண்மையைச் சொன்னதால் குரல் நடுங்காமல் வந்தது.

"பாவம், பயந்த மனுஷன் போல" என்று சொல்லிவிட்டு அவள் பக்கத்திலேயே பதுங்கிக் குந்தினான். அவன் தோள் திரைச்சீலையில் உரசியது.

குருவிகள் வந்தன. முதலில் நாணல் உச்சியில் ஒன்று, அதன் பக்கத்தில் இன்னொன்று. அவள் தலை தெரிந்ததும் ஒரு குருவி சத்தம் கொடுத்தது. தீனி கொண்டுவரும் ஆளைக் கண்ட சத்தம் அது. இந்த ஒரு வாரத்தில் அவளுக்கே அது பழகியிருந்தது. ஒரு மஞ்சள் தலை நாணலைவிட்டுக் கிளம்பி, வளைந்து, நேரே கிளையை நோக்கி வந்தது.

பறவை ஒட்டற வரைக்கும் பொறுங்க. ரேஞ்சரம்மாவின் குரல் காதில் ஒலித்தது. கண்ணாடிக்கா பொறுத்தாள். குருவி இறகை விரித்துக் காலை நீட்டியது. அது அவளை நம்பித்தான் வருகிறது என்பது ஒன்றுதான் அந்த நொடியில் அவளுக்குத் தெரிந்தது. போர்வையை உதறிக்கொண்டு எழுந்தாள். ஓடிப்போய்க் கிளையைக் காலால் எட்டி உதைத்தாள். கிளை சாய்ந்தது. குருவி அவள் முகத்தில் சிறகு பட உயர்ந்து பறந்தது. நாணலில் இருந்த கூட்டம் மொத்தமும் எழுந்து கலைந்தது.

அவன் அவள் மணிக்கட்டைப் பிடித்தான். முதல் முறையாக அந்த முகத்தில் சிரிப்பு இல்லை. "என்ன பண்ணிட்டே?" மேடமும் போய்விட்டது. "பாப்பாவை மறந்துட்டியா?"

"மறக்கலை" என்றாள் கண்ணாடிக்கா. "உன்னைப் பார்த்தா இப்பவும் பயமாத்தான் இருக்கு. ஆனா இனிமே உனக்கு ஒரு குருவியைக்கூட நான் கூப்பிட்டுத் தர மாட்டேன்."

அவன் பிடி இறுகியது. எலும்பு வலித்தது. அதற்குள் நாணல் இரண்டாகப் பிளந்து ஆட்கள் பாய்ந்தார்கள். அவன் வலையை வீசிவிட்டு ஆற்றுக்குள் இறங்கப் பார்த்தான். சேறு காலைக் கவ்வியது. இழுத்துக் கரையில் போட்டார்கள். பாலத்திலிருந்து கணவர் ஓடிவந்து, சாவியை இறுகப் பிடித்தபடி அவளுக்கு முன்னால் நின்றுகொண்டார். அதைப் பார்த்த பிறகுதான் அவளுக்கு அழுகை வந்தது.

"கொஞ்சம் பொறுத்திருக்கலாமே" என்று ரேஞ்சரம்மா மூச்சு வாங்கக் கடிந்துகொண்டார். பிறகு அவன் இடுப்பிலிருந்த துணிப்பையை அவிழ்த்துப் பார்த்தார். வரும் வழியில் வேறெங்கோ பிடித்த குருவிகள் உள்ளே திணறிக்கொண்டிருந்தன. "இது போதும்" என்றார் அடங்கிய குரலில்.

ரேஞ்சரம்மாவின் ஆட்கள் மீன்தொட்டிக் கடையின் பின்னறையைத் திறந்தபோது கூண்டுக்கு மேல் கூண்டு இருந்தது. உயிரோடு இருந்தவை எவை, இல்லாதவை எவை என்று பிரிக்கவே நெடுநேரம் ஆனது. வழக்கு நடக்கிறது. அவன் ஜாமீனில் வெளியே வந்துவிட்டான். ஒரு மாலை கடைக்கு எதிர்ப்புறம் நின்று தேநீர் குடித்துக்கொண்டிருந்தான். கண்ணாடிக்கா மகளை உள்ளே அனுப்பிவிட்டு, ரேஞ்சரம்மாவுக்குப் போன் செய்துகொண்டே வாசலுக்கு வந்து நின்றாள். பக்கத்து மருந்துக் கடைக்காரரும் வந்து நின்றார். அவன் கோப்பையை வைத்துவிட்டுப் போனான். பயம் போகவில்லை. பயத்தோடு வாசலில் நிற்கக் கற்றுக்கொண்டாள், அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு குழுவின் கூட்டம் பல் டாக்டரின் மருத்துவமனை வரவேற்பறையில் நடந்தது. கண்ணாடிக்கா எழுந்து நடந்ததைச் சொன்னாள். தன் வீடியோவைப் பார்த்துத்தான் அவன் கற்றுக்கொண்டான் என்பதையும், ஆற்றங்கரையில் பயந்துபோய்த் தானே கிளை நட்டதையும் சொன்னாள். டாக்டர் குனிந்து தன் விரல் நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பின்வரிசையில் ஒருவர் கேட்டார். "அப்ப இனிமே படமே எடுக்கக் கூடாதுங்கறீங்களா? இடம் சொல்லாமப் போட்டா யாரு நம்புவாங்க?"

"படம் எடுங்க. நம்பாதவங்க நம்பாமப் போகட்டும்" என்றாள் கண்ணாடிக்கா. "பறவைக்கு வேலி கிடையாது, பூட்டு கிடையாது. இருக்கிற ஒரே காவல் அதோட பயம்தான். நாலு பேர் கை தட்டணுங்கறதுக்காகத் தீனியைப் போட்டு அந்தப் பயத்தை நான் எடுத்தேன். எங்க இருக்குன்னு ஊருக்கே சொன்னேன். அடுத்து அங்க யார் வருவாங்கங்கறது என் கையில இல்லைன்னு எனக்குத் தோணவே இல்லை. என் பொண்ணு விஷயத்துலயும் அதையேதான் பண்ணியிருக்கேன். தன்னைக் காப்பாத்திக்க முடியாத ஒரு உயிர் எங்க இருக்குங்கறதை ஊருக்குச் சொல்ல நமக்கு உரிமை கிடையாதுங்க. அது குருவியா இருந்தாலும் சரி, குழந்தையா இருந்தாலும் சரி."

டாக்டர் கைப்பேசியை எடுத்து, தான் போட்ட படங்களின் கீழே இருந்த இடங்களை ஒவ்வொன்றாக அழிக்கத் தொடங்கினார்.